கேமராவின் மச்சம்

பட்டப்பகலில் இருட்டுக்குள் போய் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவர்கள் உலகத்தில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். பெரியவள் அவர்களில் ஒருத்தி. விலங்குக் காட்சிசாலையில் ராத்திரிப் பிராணிகளுக்கென்று தனியாக ஒரு கூடம் உண்டு. அங்கே பொழுதையே தலைகீழாகப் புரட்டி வைத்திருப்பார்கள். ராத்திரி முழுக்க விளக்கைப் போட்டுப் பகலாக்குவது, காலையில் அதை அணைத்துவிட்டு மங்கலாக ஒரு சிவப்பு விளக்கை மட்டும் விட்டுவைப்பது. சீட்டு வாங்கிக்கொண்டு பகலில் வருகிற சனங்கள், ராத்திரியில் நடமாடுகிற பிராணிகளைப் பார்க்க வேண்டுமே, அதற்காக. வருஷக்கணக்காக அந்த இருட்டில் வேலை பார்த்த பெரியவளுக்கு, உடன் வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் ராக்கோழி. வெயிலில் வந்தால் பாவம், கண்ணைச் சுருக்கிக்கொண்டு யார் என்ன என்று தெரியாமல் நிற்பாள்.

அவள் தங்கை சின்னவளுக்கு வெளிச்சம்தான் சோறு போட்டது. அவளும் வீட்டுக்காரருமாகச் சின்னதாக ஒரு ஸ்டுடியோ நடத்தினார்கள். கல்யாணம், பள்ளிக்கூட ஆண்டு விழா, கடை திறப்பு என்று எதைச் சொன்னாலும் வீடியோ எடுத்துக் கொடுப்பார்கள். மண்டபத்துக்குள் நுழைந்ததும் மற்றவர்கள் மாப்பிள்ளையைத் தேடுவார்கள், சின்னவள் விளக்கு எங்கே இருக்கிறதென்று தேடுவாள். இருட்டில் எடுத்த படத்தில் மணல் அள்ளித் தூவினாற்போலப் புள்ளி புள்ளியாகக் கொதிக்குமே, தொழில்காரர்கள் அதை 'நாய்ஸ்' என்பார்கள். அதைக் கண்டால் அவளுக்கு ஆகவே ஆகாது. விடிய விடிய உட்கார்ந்தாவது தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் கொடுப்பாள். படத்தைத் துடைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்று ஊரில் பெயர்.

அப்படிப்பட்டவளை அக்காக்காரி ஒரு நாள் காலையில் போனில் கூப்பிட்டாள்.

"ஏய், உன் கேமராவைத் தூக்கிட்டு உடனே வாடி. மகாராணி குட்டி போட்டிருக்கா."

சின்னவள் சிரித்துவிட்டாள். சிரிக்காமல் என்ன செய்வாள்? மகாராணி என்பது அந்தக் கூடத்தில் இருந்த பெண் தேவாங்கு. போன வருஷமும் இதே பெரியவள்தான் மகாராணி சினையாக இருக்கிறாள் என்று ஊருக்கெல்லாம் சொன்னாள். காட்சிசாலையே அதை நம்பி, பழமும் பூச்சியுமாக இரட்டைப் பங்கு போட்டது. கடைசியில் மயக்க மருந்து கொடுத்துப் பரிசோதித்தால், வயிற்றில் இருந்தது கொழுப்பு. சாப்பாட்டுக் கொழுப்பு! அந்த மயக்கத்தில் மகாராணி ரெண்டு நாள் தின்னாமல் கிடந்ததுதான் மிச்சம். அப்போது சின்னவள் சும்மா இருந்தாளா? மகாராணியின் தொந்தியைப் பெரிதாக்கி, பின்னால் குழந்தை அழுகிற சத்தம் போட்டு, 'வாழ்த்துகள் பெரியம்மா' என்று எழுதி, ஒரு வீடியோ பண்ணிச் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பினாள். அத்தை, மாமா, சித்தப்பா என்று எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெரியவள் ஒரு சிரிப்புப் பொம்மையைப் பதிலாக அனுப்பினாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று சின்னவள் நினைத்துக்கொண்டாள்.

"சிரிச்சு முடிச்சிட்டியா?" என்றாள் பெரியவள். "இப்ப கேளு. நாளைக்குக் காலைல வண்டி வருது. மகாராணியைப் பெட்டியில போட்டு வேற காட்சிசாலைக்கு அனுப்பப் போறாங்க. குட்டி இருந்தா அது இங்கயே கிடந்து செத்துப்போயிடும்டி."

சின்னவளுக்குச் சிரிப்பு நின்றது.

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். அவங்க நல்லவங்கதான். ஏதாவது ஒண்ணைக் காட்டு, வண்டியை நிறுத்திடறேங்கறாங்க. வெறும் வாய்ப்பேச்சை வச்சு நிறுத்த முடியாதாம், மறுபடி அனுமதி வாங்க மாசக்கணக்கா ஆகுமாம். போன வருஷம் என் பேச்சைக் கேட்டு அவங்களும்தானே மேலிடத்துல பேச்சு வாங்கினாங்க."

"பொந்துக்குள்ள டார்ச் அடிச்சுப் பாத்தா முடிஞ்சு போச்சு!"

"அட அறிவே! முதல் பிரசவம். வெளிச்சம் பட்டு அரண்டா, கைவாசனை பட்டா, தாய் குட்டியைச் சேர்க்கவே சேர்க்காது. டாக்டரே அதைச் செய்யாதேன்னுட்டாங்க. எட்ட இருந்து படம் எடுக்கறது ஒண்ணுதான் வழி. வர்றியா இல்லையா?"

அக்கா கெஞ்சிப் பழக்கமில்லாதவள். அவள் குரலில் லேசாகக் கெஞ்சல் இருந்ததால் சின்னவள் கிளம்பினாள். நம்பிக் கிளம்பவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். அக்கா மனசு கோணக்கூடாதே என்றுதான் கிளம்பினாள்.

கூடத்துக்குள் நுழைந்ததும் அவளுக்குத் தன் கையே தெரியவில்லை. சுவரைத் தடவிக்கொண்டு போய்க் கண்ணாடித் தடுப்பின் முன் நின்றாள். உள்ளே ஒரு மரம், கிளைகள், கொஞ்சம் இலை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம், தலைக்கு மேலே, மங்கலாக அந்த ஒற்றைச் சிவப்பு விளக்கு. கண் பழகப் பழக, இடது பக்கக் கிளையில் மகாராணி தெரிந்தது. ஒல்லிக்குச்சிக் கையும் காலும், முகம் முழுக்கக் கண்ணுமாக, ஒரு காலை எடுத்து வைக்க ஒரு யுகம் எடுத்துக்கொண்டு நடந்தது. வலது ஓரத்தில், உயரத்தில், மரப்பொந்து. அதன் வாயை இலைகள் பாதி மறைத்தன.

"அங்கதான்," என்று பெரியவள் காதோரம் கிசுகிசுத்தாள். "நேத்து விளக்கைத் துடைக்க ஏறினப்ப ஏதோ மினுங்கின மாதிரி இருந்துச்சு. ஒரே தடவை. அப்புறம் கீழேர்ந்து எவ்வளவு நேரம் பாத்தும் தெரியல. கொஞ்ச நாளா இவ தின்னதும் தின்னாததுமா அங்க ஓடறா. முன்னெல்லாம் ஆற அமரத் தின்னுட்டுத் தூங்குவா."

"பாத்தது நிஜமாவே மினுக்கம்தானா?"

"கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுத்தான் பாத்தேன். ஆனா நீ இப்படிக் கேட்டா எனக்கே சந்தேகம் வருதுடி."

சின்னவள் வேலையில் இறங்கினாள். தூரத்தை இழுத்துக் காட்டுகிற பெரிய லென்ஸைப் போட்டால் பொந்து பக்கத்தில் தெரியும், ஆனால் அதற்குள் வெளிச்சம் போதாது, படம் வெறும் கொதிப்பாகப் போய்விடும். அதனால் நிறைய வெளிச்சம் குடிக்கிற அகல லென்ஸைப் போட்டாள். மரம் முழுக்க அடங்கியது. பொந்து கட்டைவிரல் நகத்தளவு ஆகிவிட்டது. ஒரு முக்காலியைப் போட்டு, அதன்மேல் ஸ்டாண்டை ஏற்றி, விளக்குக்குச் சரியாகக் கீழே, மனிதத் தலைக்கும் மேலே கேமராவை நிறுத்தினாள்.

"அசைக்காதே," என்றாள் பெரியவள். "பூட்டிடு. ஏதாவது நகர்ந்தா இவ பொந்துப் பக்கமே போக மாட்டா."

சின்னவள் திருகுகளை இறுக்கினாள். மங்கலிலும் படம் பதிய வைக்கிற ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினாள், இன்னும் ஏற்றினாள். கேமராவின் சின்னத் திரையில் மரம் தெரிந்தது. மரத்தின் மேலெல்லாம் சிவப்பும் நீலமும் பச்சையுமாகப் புள்ளிகள் புழு நெளிகிறாற்போல நெளிந்தன.

"என்னடி இது, அடுப்புல வச்ச மாதிரி இப்படிக் கொதிக்குது?" என்று பெரியவள் எட்டிப் பார்த்தாள்.

"இதுதான் நாய்ஸ். தூறல் போடும்போது தரையைப் பாத்திருக்கியா? இங்க ஒரு சொட்டு, அங்க ரெண்டு சொட்டு, நடுவுல காஞ்சு கிடக்கும். பெருமழைன்னா எல்லா இடமும் ஒண்ணா நனைஞ்சிடும். வெளிச்சமும் அப்படித்தான் விழுது. கொஞ்சமா இருந்தா திட்டுத் திட்டா விழும்."

"அது சரி. இங்க சிவப்பு விளக்குதானே இருக்கு? நீலப் புள்ளி எங்கேர்ந்து வந்துச்சு?"

சின்னவள் திரும்பி அக்காவைப் பார்த்தாள். இத்தனை வருஷத் தொழிலில் ஒருவரும் அவளை இதைக் கேட்டதில்லை, அவளும் யோசித்ததில்லை. கேமராவுக்குள் சிவப்பு பார்க்க ஒரு கூட்டம், பச்சை பார்க்க ஒரு கூட்டம், நீலம் பார்க்க ஒரு கூட்டம் என்று இருப்பது அவளுக்குத் தெரியும். இந்த அறையில் பச்சைக்கும் நீலத்துக்கும் பார்க்க ஒன்றுமே இல்லை. வேலையில்லாதவர்கள் வம்பு பேசுகிற மாதிரி, இல்லாததை எல்லாம் அவை சொல்லிக்கொண்டிருக்கின்றன. அக்காவிடம் அப்படியே சொன்னாள்.

"அப்ப சிவப்பு சொல்றது மட்டும் நிஜமா?"

"அதுவும் பாதி உளறல்தான். ஆனா உளறல் ஒரு தடவை சொன்னதை மறு தடவை சொல்லாது. நிஜமா இருக்கறது மட்டும்தான் திரும்பத் திரும்ப அதே இடத்துல வரும். சாஃப்ட்வேர் அதை வச்சுத்தான் பிரிக்கும். நீ கவலைப்படாதே, துடைச்சு எடுத்தா பளிங்கு மாதிரி ஆயிடும்."

மதியம் வரைக்கும் கேமரா ஓடியது. தொட்டால் சுடுகிற அளவுக்குச் சூடேறியது. ஆரம்பத்திலேயே மகாராணி ரெண்டு தடவை பொந்துக்குப் போய் வந்தது. போனபோது அதன் முதுகுதான் தெரிந்தது, முதுகுக்கு அந்தப் பக்கம் என்ன நடந்ததோ அதற்குத்தான் தெரியும். பிறகு சின்னவள் கையை நீட்டிப் பொத்தானை அமுக்கி நிறுத்தினாள், ஸ்டாண்டை மடித்தாள், ஸ்டுடியோவுக்குப் போனாள்.

மத்தியானம் முழுக்கத் துடைத்தாள். கொதிப்பு அடங்க அடங்க மரப்பட்டையின் கோடுகூடத் தெரிந்தது. மகாராணியின் கண் ரெண்டும் காசு மாதிரி மின்னின. அவளுக்கே பெருமையாக இருந்தது. அப்போதுதான் மச்சம் கண்ணில் பட்டது.

மச்சம் என்பது அவளுடைய கேமராவின் பிறவிக் கோளாறு. உள்ளே ஒரே ஒரு புள்ளி கெட்டுப்போய், இருட்டில் எடுக்கிற எல்லாப் படத்திலும் அதே இடத்தில் சிவப்பாக மின்னும். ஒரு தடவை ஒரு மாப்பிள்ளையின் மூக்கு நுனியில் அது போய் உட்கார்ந்து, பெண் வீட்டார் 'என்ன இது?' என்று கேட்டுவிட்டார்கள். அதிலிருந்து எந்தப் படமானாலும் முதலில் மச்சத்தின் மேல் பக்கத்து நிறத்தை எடுத்து ஒட்டிவிட்டுத்தான் மறுவேலை. கை தானாகவே போகும். அன்றைக்கும் போனது. ஒட்டி முடித்துவிட்டுப் பார்த்தால், படத்தின் பின்பாதியில், வலது ஓரத்தில் இன்னும் ரெண்டு. பக்கத்தில் பக்கத்தில், ஊசி குத்தினாற்போல, அசையாமல்.

"என்னங்க, நம்ம கேமராவுக்கு இன்னும் ரெண்டு மச்சம் முளைச்சிருக்கு," என்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள்.

"வயசாகுதுல்ல, இனிமே நரை விழும்," என்றார் அவர். மனுஷர் எதற்கும் அப்படித்தான் பேசுவார்.

"காலைலேர்ந்து ஓடி ரொம்பச் சூடாயிடுச்சு. சூட்டுல இப்படி வரும்," என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். அந்த ரெண்டின் மேலும் பக்கத்து இருட்டை எடுத்துப் பூசினாள். பிறகு முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம், கை பட்டு ஆடுகிற இடங்களை வழக்கம்போல வெட்டி எறிந்தாள். படம் கழுவி வைத்த தட்டு மாதிரி ஆனது.

சாயங்காலம் டாக்டரின் அறையில் மூன்று பேரும் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்தார்கள். டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து போடச் சொன்னார். அவசரமில்லாமல், பொறுமையாகப் பார்த்தார்.

"படம் ரொம்ப நல்லா வந்திருக்கு," என்றார். "இலை நரம்புகூடத் தெரியுது. ஆனா பொந்துல ஒண்ணுமே தெரியலையேம்மா."

பெரியவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொந்தின் வாய் சுத்தமாக, கருப்பாக, காலியாக இருந்தது. அவள் சண்டை போடுவாள், மேஜையைத் தட்டுவாள், தங்கையை ஒரு பிடி பிடிப்பாள் என்று சின்னவள் எதிர்பார்த்தாள். அதெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. பெரியவள் மெல்ல எழுந்து, "சரிங்க டாக்டர். காலைல நானே பிடிச்சுக் குடுத்துடறேன். வேற யார் கைக்கும் அவ வரமாட்டா," என்றாள்.

வெளியில் வரும்போது சின்னவள் அக்காவின் தோளில் கை போட்டாள். "விடுக்கா, குட்டி இல்லைன்னா நல்லதுதானே? ஒரு உயிர் சாகலையேன்னு நெனச்சுக்கோ."

"ம்," என்றாள் பெரியவள்.

மறுநாள் சின்னவளுக்கு ஒரு கடை திறப்பு. காலையில் எழுந்ததும் அவளுக்கு முதல் கவலை அந்தப் புது மச்சங்கள்தான். கேமரா கெட்டுப்போகிறது என்றால் பழுது பார்க்கக் கொடுக்க வேண்டுமே. மச்சத்தைச் சோதிக்க ஒரு சுலபமான வழி உண்டு. லென்ஸின் மூடியைப் போட்டுவிட்டுப் படம் எடுக்க வேண்டும். வெளியிலிருந்து துளி வெளிச்சமும் வராது. அப்போதும் என்ன மின்னுகிறதோ அது கேமராவின் சொந்தக் கோளாறு.

மூடியைப் போட்டாள், எடுத்தாள், பெரிய திரையில் போட்டாள். ஒரு புள்ளி. பழைய புள்ளி. அவ்வளவுதான்.

'இன்னும் சூடாகல போல,' என்று நினைத்து அப்படியே ஓடவிட்டுவிட்டுக் குளிக்கப் போனாள், வந்து உடை மாற்றினாள், சாப்பிட்டாள். கேமரா நேற்று மாதிரியே சுட்டது. திரையில் பார்த்தால் அதே ஒரு புள்ளி.

அப்போ அந்த ரெண்டும் எங்கே போயின?

இந்தக் கேள்வி அவள் மண்டையைக் குடைந்தது. ஒரு கேமராவுக்கு மச்சம் முளைக்கும், ஆனால் முளைத்த மச்சம் ஒரே ராத்திரியில் உதிர்ந்துபோய் அவள் பார்த்ததில்லை. நேற்றைய படம் இருந்த மெமரி கார்டை, கடை திறப்புக்காக அழிப்பதற்கென்று மேஜை மேல் எடுத்து வைத்திருந்தாள். அதை எடுத்துச் செருகினாள். கழுவாத படம், கொதிப்போடு கொதிப்பாக, ஓடத் தொடங்கியது.

வலது ஓரத்தைப் பெரிதாக்கி, மூக்கு திரையில் முட்டுகிற மாதிரி உட்கார்ந்தாள். சுற்றிலும் ஆயிரம் புள்ளிகள் தோன்றி மறைந்தன, ஒன்றுகூட ஒரே இடத்தில் தங்கவில்லை. அந்த ரெண்டு மட்டும் அங்கேயே இருந்தன. பார்த்துக்கொண்டே இருந்தாள். திடீரென்று ரெண்டும் ஒன்றாக அணைந்தன, உடனே ஒன்றாக எரிந்தன.

துடைத்த படத்தில் இது தெரிந்திருக்காது. முன்னும் பின்னும் இருக்கிறதைப் பார்த்து நடுவில் இருப்பதை நிரப்பிவிடும் சாஃப்ட்வேர் அது. ஒரு சிமிட்டலையும் கறை என்று நினைத்து நிரப்பியிருக்கும்.

"என்னங்க! இங்க வாங்களேன்!"

வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டே வந்தார். பார்த்தார். "தற்செயலா இருக்கும். சூடான கேமரா என்ன வேணும்னாலும் பண்ணும். நேத்து கேமராவைக் கொஞ்சம் ஆட்டியிருந்தா தெரிஞ்சிருக்கும். மச்சம்னா கேமராவோடயே வரும். கண்ணுன்னா மரத்தோட நிக்கும். நீதான் அசையாமப் பூட்டி வச்சிட்டியே."

நியாயமான பேச்சு. சின்னவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். அக்கா சொன்னாளென்று அரைநாள் முழுக்க ஒரு மயிரிழைகூட அசையாமல் எடுத்த படம் அது. அதில் ஆட்டத்துக்கு எங்கே போவது?

பிறகு அவளுக்குப் பொறி தட்டியது. ஆடியிருக்கிறது! நிறுத்துவதற்காகக் கையை நீட்டிப் பொத்தானை அமுக்கினாளே, அப்போது. எல்லாப் படத்தின் வாலிலும் அந்தக் குலுக்கல் இருக்கும். யாருக்கும் வேண்டாம் என்று நேற்று அவளே வெட்டி எறிந்த துண்டு அது.

கடைசிக்குப் போனாள். ஒவ்வொரு படமாக நகர்த்தினாள். கை பட்டது, மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மரம் நகர்ந்தும் பழைய மச்சம் திரையில் தன் இடத்திலேயே நின்றது. மற்ற ரெண்டும் மச்சத்தைச் சட்டை செய்யாமல் மரத்தோடு போயின. பொந்தின் வாயோடு, அந்த இலையோடு, ஒட்டிக்கொண்டு போயின. மறுபடி மரம் இந்தப் பக்கம் சாய்ந்தது, அவையும் இந்தப் பக்கம் வந்தன.

"அடப்பாவி," என்றாள் சின்னவள். யாரைச் சொன்னாள் என்று வீட்டுக்காரர் கேட்கவில்லை. பல் தேய்க்கிற பிரஷை வாயிலிருந்து எடுக்காமலே வண்டிச் சாவியைத் தூக்கி அவளிடம் போட்டார். "கடை திறப்பை நான் பாத்துக்கறேன், நீ ஓடு!"

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, போகிற வழியெல்லாம் அக்காவுக்குப் போன் அடித்தாள். கூடத்துக்குள் போகும்போது போனை வெளியே வைத்துவிட்டுப் போவது அவர்கள் வழக்கம். அடித்து அடித்து ஓய்ந்தது.

காட்சிசாலையின் பின்வாசலில் வண்டி நின்றுகொண்டிருந்தது. ஓட்டுநர் சக்கரத்தில் சாய்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கூடத்தின் பின்பக்க நடையில் காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட மரப்பெட்டி வாயைத் திறந்தபடி இருந்தது. அதன் பக்கத்தில் டாக்டரம்மா. உள்கதவுக்கு முன்னால் பெரியவள், முழங்கை வரைக்கும் தோல் கையுறை போட்டுக்கொண்டு, தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றாள்.

"அக்கா, தொடாதே!"

பெரியவள் திரும்பிப் பார்த்தாள். சின்னவளுக்கு மூச்சு வாங்கியது. மடிக்கணினியைப் பெட்டிக்குப் பக்கத்தில் தரையிலேயே வைத்துத் திறந்தாள்.

"டாக்டர், இது கழுவாத படம். இந்த மூணு புள்ளியைப் பாருங்க. இது என் கேமராவோட கோளாறு. இந்த ரெண்டும் இல்லை. கேமரா ஆடறப்ப பாருங்க, இது மட்டும் நிக்குது, அதுங்க ரெண்டும் மரத்தோட போகுது. இப்ப சிமிட்டறதைப் பாருங்க."

டாக்டரம்மா குனிந்தார். ஒரு தடவை பார்த்தார். "மறுபடி," என்றார். தானே விசையைத் தட்டி முன்னும் பின்னும் நகர்த்தினார். ரெண்டு புள்ளிக்கும் நடுவில் இருந்த இடைவெளியை விரலால் அளந்து, பக்கத்தில் மகாராணியின் கண்களோடு ஒப்பிட்டார். அவர் முகம் பரீட்சைக் கேள்விக்கு விடை கிடைத்த மாணவியின் முகம் மாதிரி மாறிக்கொண்டே வந்தது.

"ஒரு கேள்வி," என்றார். "கண்ணுன்னா ஏன் இவ்வளவு நேரம் அசையவே இல்லை?"

பெரியவள்தான் பதில் சொன்னாள். "தாய் விட்டுட்டுப் போன இடத்துல அப்படியேதான் இருக்கும் டாக்டர். அவ வந்து எடுக்கற வரைக்கும் அசையாது."

"ஆமா, அசையாது," என்றார் டாக்டரம்மா. "அப்ப நம்ம கண்ணுக்கு ஏன் தெரியல?"

"நாம கீழ நின்னு பாத்தோம்," என்றாள் சின்னவள். "கேமரா விளக்குக்குக் கீழயே ஒட்டி, உயரத்துல இருந்துச்சு. விளக்கு பட்டுக் கண்ணு மின்னறது அந்த ஒரு இடத்துக்குத்தான் திரும்பி வருது போல."

டாக்டரம்மா நிமிர்ந்தார். "நேத்து காட்டின படத்துல இது இல்லையே?"

இதுதான் அந்தக் கேள்வி. வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போதே இது வரும் என்று சின்னவளுக்குத் தெரியும்.

"இருந்துச்சு டாக்டர். நான்தான் துடைச்சிட்டேன். அழுக்குன்னு நெனச்சு என் கையாலயே பூசி மறைச்சிட்டேன்."

டாக்டரம்மா தலையாட்டினார். நடையை விட்டு வெளியே போனார். "வண்டியைத் திருப்பிக்கோங்கப்பா, இன்னிக்கு மகாராணி வரலை," என்று அவர் ஓட்டுநரிடம் சொல்வது கேட்டது. கொஞ்ச நேரத்தில் வண்டி கிளம்பும் சத்தமும் கேட்டது.

நடையில் அக்காவும் தங்கையும் மட்டும் நின்றார்கள். பெரியவள் கையுறைகளைக் கழற்றினாள். வியர்வையில் அவை கையோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றன. சின்னவள் பிடித்து இழுத்துவிட்டாள்.

"உள்ள வா," என்றாள் பெரியவள்.

இருட்டுக்குள் போய்க் கண்ணாடியின் முன்னால் முக்காலியைப் போட்டு, முதலில் பெரியவள் ஏறினாள். தலையை விளக்குக்குக் கீழே கொண்டுபோய் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். இறங்கி, தங்கையை ஏற்றிவிட்டாள். இலைகளுக்குப் பின்னால் ரெண்டு சிவப்புப் பொட்டு. அசையவே இல்லை. சின்னவளும் அசையாமல் பார்த்தாள். அவை ஒரு தடவை சிமிட்டின, அவளையும் அறியாமல் அவளும் சிமிட்டினாள்.

"அக்கா," என்றாள் மேலேயிருந்தே. திரும்பி முகத்தைப் பார்த்துச் சொல்ல அவளுக்குத் தெம்பு இல்லை. "நான் உன்னை நம்பலக்கா. இருக்காதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் எடுக்கவே வந்தேன். நம்பியிருந்தா அந்த ரெண்டையும் துடைச்சிருக்க மாட்டேன். போன வருஷம் அந்த வீடியோ வேற..."

"நீ நம்பலைன்னு எனக்குத் தெரியாதாடி? போன்லயே சிரிச்சியே."

"அப்புறம் ஏன் என்னைக் கூப்பிட்டே?"

"நம்பாதவ எடுத்த படத்துல தெரிஞ்சா, அப்புறம் யாரும் என்னை ஒண்ணும் சொல்ல முடியாதுன்னுதான்." பெரியவள் லேசாகச் சிரித்தாள். அந்த இருட்டில் சிரிப்பின் சத்தம் மட்டும் வந்தது.

"அப்ப நேத்து டாக்டர் முன்னாடி ஏன் சண்டை போடல? நான் பாத்தேன், நான் பாத்தேன்னு கத்தியிருக்கலாமே. எதுக்கு வாயை மூடிக்கிட்டு எழுந்து வந்தே?"

உள்ளே மகாராணி ஒரு கிளையை விட்டு மறு கிளைக்கு, ஒரு கையை நீட்டி, யோசித்து, மறு கையை நீட்டி, பொந்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"உன் படம் அவ்வளவு சுத்தமா இருந்துச்சுடி," என்றாள் பெரியவள். "அதைப் பாத்ததும், நான் பாத்ததும் என் மனப்பிராந்திதான்னு நானே நம்பிட்டேன். இப்ப கையுறையைப் போட்டுக்கிட்டு நின்னேன் பாரு, உன்னைத் திட்டிக்கிட்டோ டாக்டரைத் திட்டிக்கிட்டோ நிக்கல. என்னைத்தான் திட்டிக்கிட்டு நின்னேன். நீ வரலைன்னா நானே அவளைப் பிடிச்சுக் குடுத்துட்டு, பொந்துக்குள்ள எட்டிக்கூடப் பாத்திருக்க மாட்டேன்."

சின்னவள் முக்காலியிலிருந்து இறங்கி வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை இன்னும் வியர்த்திருந்தது. மகாராணி பொந்தை அடைந்து, முதுகைக் காட்டிக் குனிந்து, நிமிர்ந்தபோது, அதன் வயிற்றோடு ஏதோ ஒன்று தொற்றிக்கொண்டிருந்தது.

"நீ பாத்தியா?" என்றாள் சின்னவள்.

"பாத்தேன்," என்றாள் பெரியவள்.